வயது விலக்கு

எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் போதும், ஒருநாள் இல்லை ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். "நீங்க சின்ன வயசிலேயே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவங்களாமே. எங்க பொண்ணையும் ஒரு வருஷம் முன்னாடியே எழுத வைக்கலாமான்னு பாக்கறோம்" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பெண்ணையும் கூடவே அழைத்து வந்திருப்பார்கள். தன்னைப் பற்றிப் பேசுவது தெரியாததுபோல் அது சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் காபி கொடுத்து, பொதுவாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதிகம் பேசினால் வந்தவர்கள் மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிடுவேன். அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

அறுபதுகளில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வாடகை வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. அப்பா கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பக்கத்து வீட்டில் என் சிநேகிதி இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளைப் பள்ளியில் சேர்த்த அன்று நான் வாசலில் புரண்டு அழுதேனாம். என் அழுகை தாங்காமல், "சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வரட்டும்" என்று அம்மா என்னையும் அவளோடு அனுப்பிவைத்தாள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் எழுத்துகளைப் படித்துவிட்டேன். டீச்சர் அதைக் கண்டுபிடித்து என் பெயரையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ஆக, நான் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முன்னால் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் மூளை இல்லை. அவளை விட்டுவிட்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குக் கணக்கு வராது, எனக்குச் சிரிக்கப் பேச வராது. நான் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பேன், அவள் எனக்கும் சேர்த்து எல்லாரிடமும் பேசிவிடுவாள். ஏழாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் தலைமையாசிரியை வந்து என்னை எழுப்பி நிறுத்தி இரண்டு கணக்குகள் கேட்டார். சொன்னேன். பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி எட்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார். டபுள் புரமோஷன் என்றார்கள். அப்பா காம்பவுண்டில் ஐந்து வீட்டுக்கும் லட்டு கொடுத்தார். நான் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று நினைத்து அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். மேல் வகுப்புப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். டீச்சர் காதில் பெயர் விழுந்தால் வெயிலில் நிற்க வேண்டியதுதான். என்னைவிட ஒரு வயது மூத்தவள் பள்ளி வளாகத்துக்குள் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. முதல் நாள் அதற்காக இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வாரத்தில் சிரிப்பு வரவில்லை. புதிய வகுப்புப் பெண்களோ என்னைப் பாப்பா என்றார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவர்கள் எல்லாரும் தாவணி போட்டுவிட்டார்கள், நான் மட்டும் பாவாடை சட்டை. அவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது நான் போனால் பேச்சு நின்றுவிடும். "பாப்பா வருது, அப்புறம் பேசலாம்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எனக்கு மிட்டாய்கூடக் கொடுப்பார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டு நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வகுப்புப் பெண்கள் விளையாடுவார்கள், இந்தப் பக்கம் என் வகுப்புப் பெண்கள் பேசுவார்கள். மணி அடிக்கும்வரை தொட்டியில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டால் கிணற்றடியில் அவள் இருப்பாள். அங்கே அக்காவும் இல்லை, பாப்பாவும் இல்லை. வாடி போடிதான்.

அப்போது பதினோராம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த வகுப்பில் நான் சேர்ந்த சில வாரங்களில் தலைமையாசிரியை அப்பாவை வரச் சொன்னார். பரீட்சை எழுத எனக்கு ஒரு வயது குறைகிறது, வயது விலக்கு வேண்டும் என்று மேலிடத்துக்கு மனுப் போட வேண்டும், அனுமதி வராவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்க வேண்டியதுதான் என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்னொரு வருஷம் அதே வகுப்பில் என்றால் அவளும் வந்து சேர்ந்துவிடுவாள்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். வாளியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமாவாடி? ஒண்ணா எழுதலாமா?"

"ஆர்டர் வரலைன்னா ஒண்ணாத்தான்."

"அப்ப வரக் கூடாதுன்னு வேண்டிக்கோ. நானும் வேண்டிக்கறேன். நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கணக்குல பாஸ் மார்க்காவது வந்துடும்."

அன்றிலிருந்து தினமும் அதே பேச்சுதான். எந்த பெஞ்சில் உட்காருவது, யாரைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது, பரீட்சை அன்று எந்த வழியாக நடந்து போவது என்பது வரை முடிவு செய்துவிட்டோம்.

அப்பா மனு எழுத உட்கார்ந்தார். மனு எழுதுவதில் அவர் பெரிய சூரர். தண்ணீர் வரி, தெருவிளக்கு, மாற்றல் என்று காம்பவுண்டில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அப்பாதான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். மகளுக்காக எழுதும் மனு என்றால் கேட்க வேண்டுமா? நாலு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகப் போயிற்று. எழுதியதை அலுவலகத்தில் டைப் அடித்து, கார்பன் நகலோடு கொண்டு வந்து அம்மாவுக்கு வாசித்து மொழிபெயர்த்தார். அதில் 'ப்ரிகோஷியஸ்' என்று ஒரு வார்த்தை. அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துவார். என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டாள். வயதுக்கு மீறிய முதிர்ச்சி என்றார் அப்பா.

"பிஞ்சிலேயே பழுத்துட்டான்னு எழுதியிருக்கீங்களா? நல்லா இருக்குங்க, பெத்த பொண்ணைப் பத்தி எழுதற லட்சணம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஞாயிறு காலை ஆராதனையில் நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் முழங்கால் போட்டிருப்பேன். அப்பாவின் உதடு அசைவதிலிருந்தே மனுவுக்காகத்தான் ஜெபிக்கிறார் என்று தெரியும். நான் அந்த மனு தள்ளுபடி ஆக வேண்டும் என்று ஜெபிப்பேன். ஒரே பெஞ்சிலிருந்து இப்படி இரண்டு விண்ணப்பம் போனால் ஆண்டவர் எதைத்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

ஆண்டவர் இரண்டையும் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளர் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது. பிள்ளையை நேரில் அழைத்து வரவும் என்று கடிதம் வந்தது. அப்பா அரை நாள் லீவு போட்டார். நானும் அவரும் மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போனோம். வழி முழுதும் அப்பா எனக்குப் பொது அறிவுக் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தார். அலுவலக வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் என்னைப் பார்த்து, "இன்னா சார், கொயந்தைய இஸ்கூல்ல சேக்க வந்தியா? அது இங்க இல்ல சார்" என்றான். அப்பா மனுவின் நகலை எடுத்து நீட்டினார்.

ஆய்வாளர் அம்மாவுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. நான் உட்கார்ந்ததும் என் கால் தரையைத் தொடவில்லை என்பதைக் கவனித்தார். அப்பாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"உனக்கு இந்த வருஷமே எழுத இஷ்டமா?"

நான் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாம சொல்லும்மா. இஷ்டமில்லைன்னா வயசு போதாதுன்னு நான் எழுதி அனுப்பிடறேன். நீ சொன்னதா உங்க அப்பாவுக்குத் தெரியவே தெரியாது."

நான் மாதக்கணக்கில் முழங்கால் போட்டுக் கேட்டது தட்டில் வைத்து எதிரே நீட்டப்பட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் மார்க்குப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "இந்த வயசுல இவ்வளவு மார்க்கோட ஒருத்தியும் எங்கிட்ட வந்ததில்ல" என்றார்.

"எழுதறேன் மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ சமாதானம் தேடியிருக்கிறேன். அப்பா பாவம் என்று சொன்னேன், பயத்தில் சொன்னேன் என்றெல்லாம். ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் மேஜையில் நான்தான் முதல் ஆள் என்று கேட்டதும் தலை கிறுகிறுத்துவிட்டது. ஒருத்தியும் வந்ததில்லை என்றால் வந்தவளாக இருந்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கர்வம், வேறென்ன? அந்த ஒரு நிமிஷம் கிணற்றடியும் அவளும் எனக்கு நினைவிலேயே இல்லை.

அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "வேணாம்னா விட்டுடலாம்னுகூடச் சொல்லிப் பாத்தேன். பொண்ணு எழுதறேன்னு உறுதியா சொல்றா" என்றார் ஆய்வாளர் அம்மா. அப்பா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே நன்றி சொன்னார். திரும்பி வரும்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பல்லாவரம் தாண்டும்போது என் தலையில் கை வைத்தார். அப்படிச் செய்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு அப்போதுதான் அவள் ஞாபகம் வந்தது.

அன்று மாலை தலைவலி என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கிணற்றடியில் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டாங்கடி" என்றேன். "அப்பாதான் பேசினாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அவள் கயிற்றை இழுத்து முடித்து, தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு கிணற்றடிக்கு அவள் வரும் நேரம் மாறிவிட்டது. நான் ஐந்து மணிக்குப் போனால் அவள் நாலரைக்கே வந்துபோயிருப்பாள். நாலரைக்குப் போனால் ஆறு மணிக்கு வாளிச் சத்தம் கேட்கும். அவளுக்கு வகுப்புத் தோழிகள் கிடைத்துவிட்டார்கள், இனி நான் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட இருந்தது.

பரீட்சை எழுதினேன். முதல் நாள் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் நேராக என்னிடம் வந்து, "யாரோட தங்கச்சி நீ? அக்கா உள்ள வந்தாச்சு இல்ல, வெளிய போ" என்று கையைப் பிடித்து எழுப்பினார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபிறகு எழுதினேன். பள்ளியில் முதல் மார்க் வந்தது. அப்பா மறுபடி லட்டு கொடுத்தார். அவள் வீட்டுக்கான லட்டை நான் கொண்டுபோனேன். அவள் அம்மா வாங்கிக்கொண்டு, "அவ தூங்கறாம்மா" என்றார். காலை பத்து மணி.

கல்லூரியில் புகுமுக வகுப்புக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் விஷயம் வெடித்தது. கல்லூரியில் சேரவும் ஒரு வயது வரம்பு இருந்தது. எனக்கு அதற்கும் ஒரு வருஷம் குறைந்தது. அப்பா வயது விலக்கு உத்தரவை எடுத்து வைத்தார். அது பரீட்சைக்குத்தான் செல்லும், இங்கே செல்லாது என்று கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் திருப்பித் தள்ளினார். ஊருக்கெல்லாம் விதி பார்த்து மனு எழுதிக் கொடுத்த அப்பா, சொந்த மகளுக்கு அடுத்த படியில் என்ன விதி என்று பார்க்கவில்லை. அதற்கும் ஒரு மனு எழுதினார். அது தள்ளுபடி ஆயிற்று. அந்த நகலை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நான் ஒரு வருஷம் வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி என்ன எழுதுவது? எட்டேகால் வண்டிக்கு அப்பா கிளம்பிவிடுவார். ஒன்பது மணிக்குக் காம்பவுண்டுப் பெண்கள் பள்ளிக்குப் போவார்கள். அவளும் போவாள், இப்போது பதினோராம் வகுப்பு. நான் ஜன்னல் கதவைப் பாதி சாத்திவிட்டு அதன் பின்னால் நின்று பார்ப்பேன். பிறகு பள்ளி மணி எங்கள் வீடு வரை கேட்கும். முதல் பீரியட், இரண்டாவது பீரியட் என்று மணியைக் கேட்டே அவள் என்ன பாடத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். கணக்குப் பீரியடில் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மத்தியானம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி இரைந்துகொண்டிருக்கும். அம்மா தூங்குவாள். நான் பழைய கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி எழுதுவேன். எழுதி முடித்து நானே திருத்துவேன். ஒருநாள் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு, அந்தத் தாளைக் காட்ட யாரும் இல்லாமல் அடுப்பில் வைத்தேன். பேச ஆளில்லாமல் அந்த வருஷம் என் குரலே மாறிவிட்டது என்று அம்மா சொல்வாள். பேசாத குரலில் மாற என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அவள் பாஸ் செய்தாள். கணக்கிலும்தான். அதே கல்லூரியில், அதே புகுமுக வகுப்பில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஒரு வருஷம் முன்னால் ஓடியவளும் பின்னால் வந்தவளும் ஒரே வகுப்பு. எனக்கு அவமானமாக இல்லை. உண்மையைச் சொன்னால், பட்டியலில் அவள் பெயரைப் பார்த்து எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். இனிமேல் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன்.

ஆகவில்லை. ரயிலில் அவள் குரோம்பேட்டையில் ஏறும் பெண்களோடு உட்கார்ந்துகொள்வாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள், இடம் இருந்தால் தள்ளி உட்காருவாள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் பொறுத்தேன். ஒருநாள் மாலை அந்தப் பெண்கள் யாரும் வரவில்லை. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டி எங்கூட பேச மாட்டேங்கற?"

"பேசிகிட்டுத்தானே இருக்கேன்."

"இதுவா பேச்சு? நான் என்ன பண்ணுவேன் சொல்லு. அப்பா மனு போட்டாரு, ஆர்டர் வந்துச்சு. என்னை யாரு கேட்டா?"

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"உன்னைத்தான் கேட்டாங்க" என்றாள். "உங்கப்பாவை வெளிய அனுப்பிட்டு உன்னைத் தனியா கேட்டாங்க. வேணாம்னா விட்டுடலாம்னாங்க. நீ எழுதறேன்னு சொன்ன. அன்னைக்கு சாயங்காலமே உங்கப்பா எங்க வீட்ல வந்து உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு. அவ்வளவு பெருமை அவருக்கு. நான் சமையல்கட்டுல நின்னு கேட்டுகிட்டு இருந்தேன். மறுநாள் காலைல நீ வந்து, என்னை ஒரு வார்த்தை கேக்கலன்னு சொன்ன."

வண்டி மீனம்பாக்கத்தில் நின்று கிளம்பியது.

"நீ எழுதினதுக்கு எனக்குக் கோபமே இல்லடி" என்றாள் அவள். சத்தமாகக்கூடப் பேசவில்லை. "என்னை அப்படிக் கேட்டிருந்தா நானும் எழுதறேன்னுதான் சொல்லியிருப்பேன். எங்கிட்ட ஏன் பொய் சொன்ன? இப்பவும் ஏன் சொல்ற?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தாம்பரம் வரை நேரம் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், பெட்டியில் கூட்டமும் இல்லை. கேட்கத் தெரியவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மை இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடுவாள் என்று பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன். வண்டி நின்றது. அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு அப்போது பதினைந்து வயது. சின்னப் பிள்ளைதான்.